துவர்க்கும் ரோஜா

அறுசுவையை எண்ணச் சொன்னால் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, காரம், கசப்பு என்று ஐந்து விரலை மடக்கிவிட்டு ஆறாவதற்குச் சற்று யோசிப்போம். துவர்ப்பு அப்படிப்பட்ட சுவை. அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் குறைவு. அதை அடக்கத்தான் சமையலறையில் வேலை நடக்கும். நறுக்கிய வாழைப்பூவை மோரில் போடுவது கறுக்காமல் இருக்க மட்டுமல்ல, துவர்ப்பு இறங்கவும்தான். நாவல்பழத்துக்கு உப்பு தேடுவதும் இதே கணக்கில் சேரும். ஐரோப்பிய உடலியலோ துவர்ப்பைச் சுவைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என நான்கை வைத்துக்கொண்டு, பிறகு ஜப்பானியர் சொன்ன உமாமியை ஐந்தாவதாக ஏற்றுக்கொண்டது. துவர்ப்பை அது தொடுவுணர்ச்சியின் கணக்கில் எழுதிவிட்டது. கடுக்காய்த் துணுக்கு ஒன்றை நாக்கில் படாமல் மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் அந்த வாதம் புரியும். அந்த இடத்தில் சுவை மொட்டுகள் கிடையாது. ஆனாலும் தோல் சுருங்கி இழுக்கும். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலகின் பேர்போன சிவப்பு ஒயின்களில் ஒன்று தன் புகழையெல்லாம் இந்த ஆறாவது சுவையின் மேல்தான் கட்டியிருக்கிறது. இத்தாலியின் வடமேற்கில் விளையும் பரோலோதான் அது.

பியட்மான்ட் மாநிலத்தில் ஆல்பா நகருக்குத் தென்மேற்கே லாங்கே என்ற குன்றுப் பகுதி இருக்கிறது. அங்கே பதினோரு ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து செய்தால்தான் அது பரோலோ. வேறு திராட்சை ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது என்கிறது இத்தாலியச் சட்டம். கொடி நிற்கும் பரப்பு 2,000 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதம் கழித்துத்தான் விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். இவ்வளவு கட்டுக்காவலோடு வருகிற ஒயின் கோப்பையில் விழும்போது பார்க்கிறவருக்கு முதலில் ஏமாற்றம்தான். சிவப்பு ஒயின் என்றால் நாவல்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார். பரோலோ வெளிறிய மாதுளைச் சிவப்பு. கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்தால் தாளில் உள்ள எழுத்தைப் படித்துவிடலாம். ஓரத்தில் செங்கல்லின் ஆரஞ்சு ஓடும். சாதுவான பானம் என்று கண் சொல்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா, உலர்ந்த செர்ரி, கொஞ்சம் தார். மூக்கும் கண்ணோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வாயில் ஒரு மிடறு போனதும் நாக்கு, கன்னத்தின் உள்புறம், ஈறு எல்லாம் ஒரே நேரத்தில் உலர்ந்து இறுகுகின்றன. கண்ணும் மூக்கும் சொன்னதை வாய் மறுத்துவிடுகிறது. பரோலோவின் குணம் இந்த மறுப்பில்தான் இருக்கிறது, ரசிகர்களை இழுப்பதும் அதுவே என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வாய் ஏன் இறுகுகிறது? திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற வேதிப்பொருள் சங்கிலி சங்கிலியாக இருக்கிறது. பழம் முற்றுவதற்குள் யாரும் தின்றுவிடாமல் காக்க, செடி வைத்திருக்கும் காவலாளி என்று அதைச் சொல்லலாம். நம் உமிழ்நீரில் புரோலின் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன; வாய்க்கு வழுவழுப்புத் தருவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. டானின் இவற்றைப் பற்றிக்கொண்டு திரளாக்கிவிடுகிறது. எண்ணெய் வற்றிய கீல் மாதிரி நாக்கும் அண்ணமும் உரசத் தொடங்குகின்றன. தேநீரில் இதையே தினமும் பார்க்கிறோம். கடுமையாகக் கொதித்த டிகாக்‌ஷனை அப்படியே குடித்தால் வாய் பிடிக்கும். பால் ஊற்றினால் அடங்கும். பாலின் கேசின் புரதம் உமிழ்நீருக்கு முந்திக்கொண்டு டானினைப் பிடித்துவிடுவதே காரணம். பரோலோவில் இந்த வேலைக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. நெபியோலோ புளிப்பு மிகுந்த பழம்; அமிலம் கூடினால் துவர்ப்பின் பிடியும் கூடும். துவர்ப்புக்கு இன்னொரு குணம்: இனிப்பு அடுத்தடுத்த வாயில் மங்கும், துவர்ப்போ ஒவ்வொரு மிடறிலும் முந்தியதன் மேல் ஏறி உட்காரும். இளம் பரோலோ பத்தை வரிசையாகச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர், கடைசி மூன்றைப் பற்றி எழுதும் குறிப்பை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

நிறத்தின் கதை இன்னும் வேடிக்கை. சிவப்பு ஒயினுக்கு நிறம் தருபவை ஆந்தோசயனின்கள். காபர்னே சோவினியோன், மெர்லோ போன்ற பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் மால்விடின் என்ற வகை ஓங்கியிருக்கும். அது ஆக்சிஜனுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். நெபியோலோவின் தோலில் பியோனிடின், சயனிடின் வகைகளே மிகுதி. சயனிடினின் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆக்சிஜன் வந்து தொடுவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். பழத்தை நசுக்கிய நாளிலிருந்தே நிறம் இழப்பு தொடங்குகிறது. போதாக்குறைக்கு, பழைய முறையில் பரோலோ செய்கிறவர்கள் சாற்றைத் தோலோடும் விதையோடும் முப்பது, நாற்பது நாள், சில வீடுகளில் அதற்கு மேலும் ஊறவைப்பார்கள். நொதிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து திரளும். அந்தத் திரளுக்கு இத்தாலியர் வைத்த பெயர் தொப்பி. அதை மரப்பலகைகளால் அழுத்திச் சாற்றுக்குள்ளேயே முக்கி வைப்பது அந்த ஊர் வழக்கம். நிறம் முதல் ஒரு வாரத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். விதையிலிருந்து டானின் மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். ஆக, நாள் கூடக் கூட நிறம் குறைந்து துவர்ப்பு ஏறுகிறது. ‘அடர்நிறம் என்றால் அடர்ந்த சுவை’ என்று மற்ற ஒயின்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை இது தலைகீழாக்குவதற்கு இத்தனை வேதியியல் காரணங்கள் உண்டு.

ரோஜா மணத்தையும் கவிஞர்களின் கற்பனை என்று தள்ள முடியாது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கும்போது மணக்கிறதே, அதில் முக்கியமான பொருள் ஃபீனைல் எத்தனால். ரோஜாவின் மணப்பொருள்களில் நீரில் நன்றாகக் கரையக்கூடியது அது; அதனால்தான் பன்னீரில் தங்குகிறது. அதே பொருளை ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்குகிறது. திராட்சையின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து உருவாகும் டாமஸ்செனோனும் ரோஜாவிலும் ஒயினிலும் பொது. அதே வழியில் பிறக்கும் பீட்டா அயனோன்தான் வயலட் பூவின் மணம். இவை எல்லா ஒயினிலும் கொஞ்சமாவது இருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: பீட்டா அயனோனை நுகர்வதற்கு ஓஆர்5ஏ1 என்ற மரபணு வேண்டும். அதன் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு அந்த மணம் சட்டென்று தெரியும். மற்றவர்களுக்கு அருகில் வைத்தாலும் சரியாகப் பிடிபடாது. ‘வயலட் மணக்கிறது’ என்று ஒருவர் சொல்ல, ‘சும்மா அளக்கிறார்’ என்று அடுத்தவர் நினைத்தால் இருவரும் உண்மையே பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

துவர்ப்புதான் கவர்ச்சி என்றால், அதிகம் துவர்க்கும் ஒயின் அதிகம் புகழ் பெற்றிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் மோந்தேஃபால்கோ என்ற ஊரைச் சுற்றி சக்ராந்தினோ என்ற திராட்சை விளைகிறது. டானினில் நெபியோலோவையும் மிஞ்சியது. அதற்கும் விசுவாசிகள் உண்டு. ஆனால் பரோலோவின் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவு பேர் இல்லை. அது கறுத்த ஒயின். பார்த்தவுடனே முரடு என்று தெரிந்துவிடும், குடித்தால் முரடாகவே இருக்கும். எதிர்ப்பக்கம் பிரான்சில் பர்கண்டியின் பினோ நுவார். வெளிறிய நிறமும் பூமணமும் பரோலோவைப் போலவே, வாயிலும் மென்மை. அங்கே கண்ணும் மூக்கும் வாயும் ஒரே பேச்சில் நிற்கின்றன. பினோ நுவாரின் முகத்தை வைத்துக்கொண்டு சக்ராந்தினோவின் கையால் பிடிக்கிறது பரோலோ. இந்தச் சேர்க்கை ஒயின் உலகில் அபூர்வம். ஆகவே நான் சொல்வது டானினின் அளவைப் பற்றி மட்டும் அல்ல; எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் நடுவே அது திறக்கும் இடைவெளியைப் பற்றி.

இந்தப் பிடி சாப்பாட்டு மேசையில் பயனாகிறது. அமெரிக்காவில் பால் பிரெஸ்லின் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த உலர் இறைச்சியைச் சாப்பிடுகிறவர்களுக்கு இடையிடையே துவர்ப்பான நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் நீரைவிடத் துவர்ப்பு நீர் வாயின் எண்ணெய்ப் பசையை நன்றாகக் குறைத்தது. கொழுப்பும் துவர்ப்பும் தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு. லாங்கேயின் சமையலைப் பாருங்கள்: முட்டைக் கருவை அள்ளிக் கொட்டிப் பிசைந்த தஜரின் நூடுல்ஸ், மேலே வெண்ணெய், பரோலோவிலேயே மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சி, கெட்டியான பாலாடைக்கட்டி. அந்த ஊர்க்காரர் ஆய்வறிக்கை படித்துவிட்டுப் பரோலோவைத் திறக்கவில்லை. நெய்யும் பாயசமுமாக விருந்து முடித்தவர் வெற்றிலைத் தட்டில் பாக்குத் தேடுவதும் ஆய்வறிக்கை படித்து வந்த பழக்கம் இல்லை. பாக்கின் துவர்ப்பும் இதே வகை டானின்தான்.

அடுத்த ஆட்சேபம் மண்ணைப் பற்றியது. பரோலோவை விற்கிறவர்கள் மண்ணின் மகிமை பாடாமல் பாட்டிலைத் தர மாட்டார்கள். லாங்கே குன்றுகள் ஒரு காலத்தில் கடலடி; ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகளிலிருந்து 1.3 கோடி ஆண்டுகள் வரை முந்திய படிவுகள். மேற்கே லா மோரா, பரோலோ ஊர்களில் நீலச்சாயல் கொண்ட சுண்ணாம்புக் களிமண். கிழக்கே செர்ராலுங்கா பக்கம் அதைவிடப் பழைய, மணற்கல் அடுக்கு ஓடும் மண். லா மோரா ஒயின் மணத்தில் முந்தும், சீக்கிரம் இளகும். செர்ராலுங்கா ஒயின் பிடிவாதக்காரன், ஆண்டுக்கணக்கில் காக்கவைக்கும் என்பது பொதுவான அனுபவம். விதிவிலக்குகள் நிறைய. இதிலிருந்து ‘பாறையின் சுவை வேர் வழியாகப் பழத்தில் ஏறுகிறது’ என்று தாவுவதைத்தான் ஏற்க முடியாது. வேல்ஸ் நாட்டில் பணியாற்றிய புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல ஆண்டுகளாக எழுதி மறுத்துவருகிறார். வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த அயனிகளை. பாறைக்குச் சுவையே இல்லை. ஒயினில் சேரும் கனிமத்தின் அளவு நாக்குக்கு எட்டாத சொற்பம். மண் வேறு வழியில் வேலை செய்கிறது. எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது, எப்போது விடுகிறது, எவ்வளவு வெப்பம் ஏற்கிறது என்பதெல்லாம் கொடியின் வளர்ச்சியையும் பழம் முற்றும் வேகத்தையும் மாற்றுகின்றன. தோலில் எவ்வளவு டானின், சாற்றில் எவ்வளவு அமிலம் என்று தீர்மானமாவது அங்கே. மண்ணுக்கு ருசி இல்லை, ஆனால் ருசியின் மேல் அதிகாரம் உண்டு.

நெபியோலோ வளர்க்கக் கஷ்டமான கொடி. வசந்தத்தில் மற்றவை தூங்கும்போதே துளிர்த்து உறைபனியில் மாட்டிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் மற்றவை அறுத்து முடிந்த பிறகும் பழுக்காமல் அடம்பிடிக்கும். முன்பெல்லாம் அக்டோபர் நடுவில், சில ஆண்டுகளில் அதையும் தாண்டி அறுவடை. அப்போது காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பி, குன்றின் உச்சிகள் மட்டும் தீவுகள் போல வெளியே நிற்கும். இத்தாலிய மொழியில் மூடுபனிக்கு நெபியா என்று பெயர்; கொடியின் பெயர் அதிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு, பழத்தின் மேல் படியும் வெண்பூச்சைச் சொல்கிறவர்களும் உண்டு. இவ்வளவு நீண்ட பருவம் வேண்டும் என்பதால் தெற்கு, தென்மேற்குச் சரிவுகளின் நடுப்பகுதியே இதற்கு ஒதுக்கப்பட்டது. குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ. அடுத்த தரத்தில் பர்பேரா, தோல்செத்தோ என்ற திராட்சைகள். வடக்குச் சரிவில் ஹேசல் கொட்டை மரம். பகலில் வெயில், இரவில் ஆல்ப்ஸின் குளிர். டானின் முதிரும் வரை பழம் கொடியில் காத்திருக்கிறது, அமிலமும் கரைந்து போகாமல் நிற்கிறது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெபியோலோ நட்டார்கள். வளர்கிறது, நல்ல ஒயினும் கிடைக்கிறது. ஆனால் அங்கே அது ஒரு பரிசோதனைப் பயிராகவே நிற்கிறது. வடக்கே ஆல்ப்ஸின் மடியில் வால்தெல்லினா என்ற பள்ளத்தாக்கில் கற்சுவர் அடுக்குகளில் இதே கொடி அழகாக விளைகிறது. ஆகவே பரோலோ மண் ஒன்றுதான் இதற்கு வழி என்று சொல்ல மாட்டேன். வழி குறுகல் என்று மட்டும் சொல்வேன்.

மனிதர்கள் இதில் என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. 1787இல் டூரினில் இந்தத் திராட்சையின் ஒயினைக் குடித்த தாமஸ் ஜெஃபர்சன், இனிப்பு, துவர்ப்பு, ஷாம்பேன் போன்ற துள்ளல் மூன்றும் ஒன்றாக இருந்ததாகக் குறித்துவைத்தார். காரணம் எளிது. அறுவடை தாமதம், நொதித்தல் பாதியில் இருக்கும்போதே குளிர் வந்து ஈஸ்ட்டை முடக்கிவிடும், சர்க்கரை மிஞ்சும். அதை முழுக்க நொதிக்கவைத்து இன்றைய உலர் ஒயினாக்கியது 19ஆம் நூற்றாண்டு. அந்தப் பெருமை யாருக்கு என்பதில் சண்டை. பரோலோ ஊரின் ஜூலியா கோல்பெர் சீமாட்டியும் இத்தாலிய அரசியல்வாதி கவூரும் அழைத்துவந்த லூயி ஊதார் என்ற பிரெஞ்சுக்காரருக்கு என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கவூரின் தோட்டத்தைக் கவனித்த பாவ்லோ பிரான்செஸ்கோ ஸ்தாலியெனோ என்ற படைத்தளபதிக்கு என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இனிப்பு என்ற போர்வையை நீக்கிவிட்டுத் துவர்ப்பை வெளியே நிறுத்தியது ஒரு மனிதத் தீர்மானம்.

அந்தத் தீர்மானத்தை மாற்றிப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. என் வாதத்துக்கு மிகப் பெரிய சான்று அதுதான். 1980களில் லா மோராவைச் சேர்ந்த எலியோ அல்தாரே முதலான இளைஞர்கள், உலகச் சந்தை அடர்நிறத்தையும் மென்மையையும் கேட்கிறது என்று கண்டார்கள். ஊறவைக்கும் நாள்களை ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்தார்கள். சுழலும் தொட்டி கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய பெரும்பீப்பாய்களை விட்டுவிட்டு 225 லிட்டர் பாரிக் என்ற சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு மாறினார்கள். சின்னப் பீப்பாயில் லிட்டருக்கு மரப்பரப்பு அதிகம். ஆக்சிஜன் கூடுதலாக நுழைந்து டானினையும் நிறமியையும் பிணைக்கும், நிறம் நிலைக்கும். புது மரத்திலிருந்து வனிலின் இறங்கி வெண்ணிலா மணக்கும். அல்தாரே 1983இல் சங்கிலி ரம்பம் எடுத்து அப்பாவின் பழைய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். எதிர்முகாமில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையால் லேபிள் எழுதிப் பாட்டிலில் ஒட்டிய கிழவர். 1990களில் புதுமுறைப் பரோலோ அமெரிக்காவில் விமர்சகர்களின் புள்ளிகளைக் குவித்தது. அதன் பிறகு காற்று திரும்பியது. வெண்ணிலா மணக்கும் கறுத்த ஒயின் எந்த நாட்டிலும் கிடைக்கும் என்று குடிக்கிறவர்களுக்குத் தெரிந்துபோனது. இன்று பெரும்பாலானோர் நடுவில் எங்கோ நிற்கிறார்கள்: சுத்தமான தொட்டி, வெப்பக் கட்டுப்பாடு ஆகியவை புதியவர்களிடமிருந்து, நீண்ட ஊறலும் பெரிய பீப்பாயும் பழையவர்களிடமிருந்து. மஸ்கரெல்லோ வீட்டு ஒயினுக்கு இன்று உலகெங்கும் அலைகிறார்கள். முரண்பாட்டைச் சரிசெய்ய முயன்றபோது கவர்ச்சி குறைந்தது. முரண்பாடு திரும்பி வந்தபோது கவர்ச்சியும் வந்தது.

இதெல்லாம் மனப்பிரமை, ஒயின் ரசனையே ஏமாற்று என்று சொல்கிறவரிடமும் ஆதாரம் இருக்கிறது. 2001இல் பிரான்சில் மொரோ, பிரோஷே, துபுர்தியூ ஆகியோர் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் அதன் மணத்தை வர்ணித்தார்கள். 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு, விலை தெரியாமல் நடந்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளை அலசி, பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் மீது விருப்பம் இம்மியளவு குறைவாகவே இருப்பதாகக் கண்டது. இந்த முடிவுகளை நான் ஏற்கிறேன். ஆனால் முதல் ஆய்வு காட்டுவது, மணத்துக்குப் பெயர் வைப்பதில் கண் மூக்கை ஆட்டிவைக்கிறது என்பதை. துவர்ப்பு அந்த வகையில் சேராது. ஒயினில் புரதக் கரைசலைச் சேர்த்து எவ்வளவு டானின் திரண்டு படிகிறது என்று சோதனைக் குழாயில் அளக்கலாம். குழாய்க்குக் கண் கிடையாது. கண் எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது என்ற அதே உண்மைதான் பரோலோவின் அதிர்ச்சிக்கும் அடிப்படை. இரண்டாவது ஆய்வு விலையின் மேல் விழும் அடி. பயிற்சி இல்லாத வாய்க்குத் துவர்ப்பு பிடிக்காது என்பதில் வியப்பில்லை. முதல் நாளே பாகற்காயைக் கொண்டாடிய குழந்தையும் இல்லை.

விலைதான் மயக்குகிறது என்பவருக்கு வரலாறும் ஒரு பதில் வைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லாங்கே ஏழை நாடு. பெப்பே ஃபெனோலியோ 1954இல் எழுதிய ‘லா மலோரா’ என்ற குறுநாவலின் களமே அந்த மலைகளின் வறுமைதான். கொடியை விட்டுவிட்டு டூரினில் கார் தொழிற்சாலைக்கும் ஆல்பாவில் சாக்லேட் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 1986இல் பியட்மான்டிலிருந்து போன மலிவு ஒயினில் மெத்தனால் கலந்திருந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பரோலோவுக்கு அதில் தொடர்பில்லை என்றாலும் வட்டாரத்தின் பெயர் கெட்டது. அந்தக் காலத்துப் பரோலோவும் இதே போல் வெளிறித் துவர்த்தது. பணமும் பத்திரிகைகளும் வந்தது பிறகு.

இத்தனை துவர்ப்போடு யார் குடிப்பது? காத்திருந்தவர். பத்து, இருபது ஆண்டு பாட்டிலில் கிடந்த பரோலோவில் பிடி தளர்கிறது; தோல், காய்ந்த இலை, காளான் மணங்கள் மேலே வருகின்றன. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகி வண்டலாக அடியில் தங்கிவிடுகின்றன, அதனால்தான் இளகுகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பாட்டிலின் தோளில் வண்டல் இருப்பது உண்மைதான். ஆனால் சங்கிலி நீளமாக ஆக, துவர்ப்பு கூடுகிறது என்று சோதனைகள் காட்டியபோது அந்த விளக்கத்தில் ஓட்டை விழுந்தது. இப்போது கிடைக்கும் படம் இப்படி: அமிலம் சங்கிலியை இடையிடையே வெட்டுகிறது, வெட்டிய துண்டுகள் வேறு வேறு விதமாகச் சேர்கின்றன, ஆக்சிஜன் ஒரே மூலக்கூறுக்குள் புதுப் பிணைப்புகளைப் போட்டு அதை மடக்கிவிடுகிறது, மடங்கிய டானினுக்கு உமிழ்நீர்ப் புரதத்தைப் பற்றும் கை குறைவு. லேபிளில் ரிசெர்வா என்று போட வேண்டுமென்றால் 62 மாதம் என்கிறது சட்டம். வேதியியல் கேட்கும் காலம் அதைவிட நீளம்.

உடல்நலம் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட முடியாது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற செய்தி 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் பரவியது. அதற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட ரெஸ்வெராட்ரால் ஒயினில் இருக்கும் அளவு மிகச் சொற்பம். பரோலோவில் எத்தனால் 13 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பல பாட்டில்களில் 14ஐத் தாண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. விருந்துக்குப் பின் நாம் தேடும் பாக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. துவர்ப்பின் மேல் மனிதருக்கு ஏன் ஈர்ப்பு என்று ஆராய்வது ஒன்று, குடிக்கச் சொல்வது வேறு. நான் முதலாவதைத்தான் செய்கிறேன்.

அந்த ஈர்ப்பே இனி எத்தனை நாள் என்பதுதான் லாங்கேயில் இப்போதைய கவலை. வெப்பம் ஏறிவிட்டதால் அறுவடை பல ஆண்டுகளில் செப்டம்பர் கடைசிக்கே நகர்ந்துவிட்டது. மூடுபனி வருவதற்குள் பழம் தொட்டியில் இருக்கிறது. பழுக்காத ஆண்டு என்று ஒன்று ஏறக்குறைய இல்லாமல் போனது விவசாயிக்கு லாபம்தான். ஆனால் சர்க்கரை முந்தி ஓடுகிறது, ஆல்கஹால் ஏறுகிறது, அமிலம் இறங்குகிறது. அமிலம் இறங்கினால் துவர்ப்பின் முனையும் மழுங்கும். கோடை வெயிலில் கொத்துகள் கருகாதிருக்க, முன்பு கிள்ளி எறிந்த இலைகளை இப்போது விட்டுவைக்கிறார்கள். நேர் வடக்கு நோக்கிய சரிவில் பரோலோ கூடாது என்பது விதி. அந்த விதியைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழுந்துவிட்டது. வேண்டாம் என்று எதிர்ப்பவர்கள் நிறைய. அந்தச் சரிவுகளில் இப்போதைக்கு ஹேசல் மரங்கள் நிற்கின்றன. மார்ச்சில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அவற்றின் அடியில் கொஞ்சம் பனி மிச்சமிருக்கும்.